நான் தணித்து எழுதிய உன் கடிதம்

மகன்,

சனிக்கிழமை காலை நீ ஒஷாவாவுக்குப் போகிறாய். மல்வேர்னிலிருந்து ஒஷாவா என்ன பெரிய தூரம், நெடுஞ்சாலையில் ஏறினால் அரை மணித்தியாலம் என்று நான் எத்தனை தரம் சொன்னாலும் உன் அம்மா கேட்பதாயில்லை. இரண்டு நாளாகப் பெட்டி கட்டுகிறாள். மிளகாய்த்தூள் போத்தல் மட்டும் மூன்று வைத்துவிட்டாள். நாங்கள் நாட்டைவிட்டுக் கனடாவுக்கு வந்தபோதுகூட இவ்வளவு சாமான் கொண்டுவரவில்லை. அவள் கட்டட்டும். எனக்கு வேறு வேலை இருக்கிறது. உன்னிடம் மறைத்து வைத்திருக்கும் ஒரு விஷயத்தை நீ போவதற்கு முன் சொல்லியாகவேண்டும். வாயால் சொல்லத்தான் பார்த்தேன். மூன்று தரம் உன் அறை வாசல்வரை வந்தேன். நீ நிமிர்ந்து “என்னப்பா?” என்று கேட்டதும், “குளிருக்கு நல்ல சப்பாத்து வாங்கினியா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். இத்தனைக்கும் அந்தச் சப்பாத்தை வாங்கும்போது பக்கத்தில் நின்றவன் நான்தான். அதனால் எழுதுகிறேன். உறையை ஒட்டாமல் குசினி மேசையில் வைக்கப்போகிறேன். அம்மாவும் மாமாவும் படிக்கட்டும், வீட்டுக்கு வருகிற வேறு யாரும் படித்தாலும் பரவாயில்லை.

விஷயம் இதுதான். மாமாவைக் கனடாவுக்கு எடுப்பதற்காகக் கிட்டத்தட்ட மூன்று வருடத்துக்கு முன் நீ எழுதிய கடிதம் தோற்றுப்போகவில்லை. அது குடிவரவு அதிகாரிகளின் கந்தோருக்குப் போய்ச் சேரவேயில்லை. நீ எழுதியதை மாற்றி நான் வேறொன்றைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். மறுத்துப் பதில் வந்தது என்னுடைய கடிதத்துக்கு. நீ அதை உன் எழுத்துக்கு வந்த பதில் என்று நம்பினாய். ‘எனக்கு எழுத வராது’ என்று முடிவுகட்டி, எடுத்துவைத்திருந்த சரித்திரப் படிப்பை விட்டுவிட்டுக் கொம்பியூட்டர் படிக்கப் போனாய். இப்போது அந்தப் படிப்புத்தான் உன்னை ஒஷாவாவில் ஒரு கார்ச்சாமான் களஞ்சியத்தின் கந்தோருக்குக் கொண்டுபோகிறது. அது நல்ல வேலைதான். ஆனால் பொய்யான காரணத்துக்காக நீ அங்கே போகக்கூடாது.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்வதானால் என் பழைய வேலையிலிருந்துதான் தொடங்கவேண்டும். ஊரில் நான் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் கந்தோரில், பிரதம இலிகிதராக இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். வெள்ளைச் சேட்டுப் போட்டுச் சைக்கிளில் போன அப்பாவைத் தெரியும். அங்கே போய் என்ன செய்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. சனங்கள் அதிபருக்கு மனு எழுதுவார்கள். வாய்க்காலை மறித்துவிட்டார்கள், காணியைப் பிடித்துவிட்டார்கள், அதிகாரி ஏசிக் கலைத்துவிட்டான் என்று கோபமாக எழுதுவார்கள். அதை அப்படியே அதிபரின் மேசையில் வைக்கும் வழக்கம் இல்லை. நாங்கள் சுருக்கி ஒரு குறிப்பு எழுதி அதற்கு மேலே வைப்போம். ‘என் காணியைக் களவெடுத்தான்’ என்று வந்த மனு, ‘காணி உரிமை தொடர்பில் மனுதாரருக்குச் சிறு மனக்குறை உண்டு’ என்று உள்ளே போகும். வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய பழக்கம். அவன் கப்பலேறிப் பல வருடத்துக்குப் பிறகும் நாங்கள் அதைக் கைவிடவில்லை. எங்கள் கந்தோரில் அதற்குத் தணிக்கிறது என்று பெயர். சூடான மனு வந்தால் மற்ற இலிகிதர்மார் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். “ஐயா, இதக் கொஞ்சம் தணிச்சுத் தாங்க” என்பார்கள். அதில் எனக்குப் பெருமை. கோபமாகப் போனால் அதிபர் தூக்கி எறிந்துவிடுவார், பணிவாகப் போனால் பார்ப்பார், ஆகவே சனங்களை நாங்கள் காப்பாற்றுகிறோம் என்று மனதார நம்பினேன்.

இங்கே வந்து முதல் ஏழு மாதம் பிளாஸ்டிக் போத்தல் பக்டரியில் நின்றேன். பிறகு அம்மாவோடு முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை செய்த லெபனான்காரப் பெண் ஒருத்தி, பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியைக்குத் தட்டச்சுக்காரர் தேவை என்று சொன்னாள். அப்படித்தான் சல்மா அம்மாவிடம் போய்ச் சேர்ந்தேன். நீ ஒருதரம்தான் அவரைக் கண்டிருக்கிறாய். ஈராக்கில் பஸ்ராவில் பிறந்தவர். என்னைவிட ஐந்தாறு வயது கூட. காய்ந்த எலுமிச்சம்பழத்தை உடைத்துப் போட்டுக் கொதிக்கவைத்த புளித்தண்ணீரைத் தேநீர் என்று சொல்லி நாள் முழுவதும் குடிப்பார், எனக்கும் தருவார். நேர்முகத்தில் ஒரு பக்கம் தட்டச்சு செய்யச் சொன்னார். செய்து கொடுத்ததும் கடதாசியைப் பார்க்காமல், “உங்கள் நாட்டில் பிரிட்டிஷ்காரன் எவ்வளவு காலம் இருந்தான்?” என்று கேட்டார். கிட்டத்தட்ட நூற்றைம்பது வருடம் என்றேன். “எங்களிடம் அவ்வளவு காலம் இருக்கவில்லை. இருந்தது போதும்” என்று சொல்லிச் சிரித்துவிட்டு, திங்கட்கிழமை வரச்சொன்னார்.

அவருடைய புத்தகம் எதைப்பற்றி என்று நீ கேட்டபோதெல்லாம் ‘அரபுச் சரித்திரம்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவேன். சரியாகச் சொல்லுகிறேன், கேள். பிரிட்டிஷ்காரன் ஆண்ட காலத்தில் ஈராக்கின் தெற்கே ஆற்றோரத்துச் சனங்கள், பேரீச்சந்தோட்டக்காரர், படகோட்டிகள், பள்ளிக்கூட வாத்திமார் எல்லாரும் ஆங்கில அதிகாரிகளுக்கு மனு எழுதினார்கள். எழுதியது அரபியில். அதிகாரியின் கந்தோரில் இருந்த உள்ளூர் இலிகிதர் அதை ஆங்கிலத்தில் சுருக்கிக் கொடுப்பார். அரசாங்கக் கோப்பில் மிஞ்சியது அந்தச் சுருக்கம் மட்டும். அதைப் படித்துவிட்டுத்தான் பெரிய பெரிய ஆட்கள் அரபியரைப்பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். சல்மா அம்மா பன்னிரண்டு வருடம் அலைந்து, குடும்பங்களின் பெட்டிகளுக்குள் கிடந்த அரபிப் பிரதிகளைத் தேடி எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஆங்கிலத்தில் தயவு கேட்கிற அப்பாவிச் சனம். அரபியில் உரிமை கேட்கிற, அதிகாரியின் பொய்யைப் பொய் என்று சொல்கிற மனிதர்கள். அரபியில் ‘அரபியராகிய நாங்கள்’ என்று வருகிற இடமெல்லாம் ஆங்கிலத்தில் ‘இவ்விடத்துக் குடிகள்’ என்று ஆகியிருந்தது.

அவர் சொல்ல வந்தது அங்கேதான் இருக்கிறது. அரபியர் என்கிற எண்ணம் ஆதிகாலத்திலிருந்து மண்ணுக்குள் புதைந்து கிடந்தது என்று ஒரு கட்சி, வெள்ளைக்காரனைப் பார்த்துப் படித்தது என்று இன்னொரு கட்சி. இரண்டும் பிழை என்கிறார் அவர். ஆளவந்தவன் ஒவ்வொரு பதிவேட்டிலும் ஒவ்வொரு பெயர் வைத்திருந்தான். ஒன்றில் இன்ன கோத்திரம், இன்னொன்றில் இன்ன மதப்பிரிவு, மற்றொன்றில் இன்ன ஊர். அந்தப் பெயர்களோடு சண்டைபிடித்தும், வேண்டிய இடத்தில் அவற்றையே பாவித்தும், சனங்கள் மெல்ல மெல்லத் தங்களுக்கு ஒரு பெரிய ‘நாங்கள்’ கட்டினார்கள். சிலர் அதற்குள் பக்கத்துவீட்டுக் கிறிஸ்தவரையும் யூதரையும் சேர்த்தார்கள், சிலர் வெளியே விட்டார்கள். சேர்க்காததையும் அவர் மறைக்காமல் எழுதினார். ஒரு சனம் தன்னை யார் என்று சொன்னது என அறியவேண்டுமென்றால் அது என்ன சொல்லில் சொன்னது என்று முதலில் அறியவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அதைத் தட்டச்சு செய்யும்போது நான் எங்களையும் நினைத்துக்கொண்டேன். இங்கே ஒரு படிவத்தில் இலங்கையர், இன்னொன்றில் தெற்காசியர், அஜின்கோர்ட் தமிழ்க் கடையில் சாமான் வாங்கப்போனால் ‘அண்ணை மட்டக்களப்போ, பேச்சிலயே தெரியுது’.

வேடிக்கை என்னவென்றால், அந்த இலிகிதரை அவர் திட்டி எழுதும்போது நானும் சேர்ந்து திட்டினேன். “என்ன அநியாயம் மிஸ், சொன்னதைச் சொன்னபடி எழுதினால் என்ன குறைந்துபோகும்?” என்று கேட்டேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். நான் என் இயந்திரத்துக்குத் திரும்பிப்போய், அவருடைய கையெழுத்தில் இருந்த வசனங்களைத் தணித்துத் தட்டச்சு செய்தேன். சத்தியமாக, மகன், எனக்கு அது தெரியவில்லை. கை பழகிவிட்டது. ஒரு பெரிய மனுஷியின் புத்தகம், இவ்வளவு சூடாகப் போனால் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒரு அக்கறை வேறு.

எண்பத்தாறு மாசி மாதம், அந்த வேலைக்கு நடுவில்தான், மாமாவுக்கு விண்ணப்பம் போட்டோம். உனக்கு அந்த நாளை நான் ஞாபகப்படுத்தத் தேவையில்லை, ஆனாலும் எழுதுகிறேன், இனி இந்த வீட்டில் அது தணிந்து கிடக்கவேண்டாம். எண்பத்துநான்கில் ஒரு காலை, நானும் அம்மாவும் வெளியே போயிருந்த நேரம், ஜீப்பில் வந்த ஆமிக்காரர்கள் உன் மாமாவைக் கொண்டுபோனார்கள். மாமாவைத் தவிர வீட்டில் நீ மட்டும் இருந்தாய். உனக்குப் பதினேழு வயது. மாமா திரும்பி வந்தபோது அவருடைய வலது கை பழைய கை இல்லை. நடந்ததைக் கண்ணால் கண்டவன் நீ ஒருவன்தான், ஆகவே நீ எழுது என்றேன். அப்பியாசக் கொப்பித் தாளில் மூன்று பக்கம் ஆங்கிலத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு என்னிடம் தந்தாய். “அப்பா, பிழை இருந்தாத் திருத்துங்க” என்றாய். பெரியவர் பெயரில் தட்டச்சில் போனால் மதிப்பு, நான் சேர்த்து அனுப்புகிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

நீ எழுதியிருந்தாய்: ‘அவர்கள் மாமாவின் தலைமயிரைப் பிடித்து இழுத்துப்போனார்கள். மாமா ஒற்றைக் காலில் மட்டும் செருப்போடு போனார். இருபத்திரண்டு நாள் கழித்து வந்தவருக்குக் கரண்டி பிடிக்க முடியவில்லை, அம்மா ஊட்டிவிட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன், வெளியே வரவில்லை.’ இதை நான் எப்படித் தட்டச்சு செய்தேன் தெரியுமா? ‘மேற்படி நபர் விசாரணையின் பொருட்டு அழைத்துச்செல்லப்பட்டு, சில நாட்களின் பின் சற்று உடல்நலக் குறைவுடன் விடுவிக்கப்பட்டார்.’ அவ்வளவுதான். மூன்று பக்கம் ஒரு வசனமாகப் போயிற்று. கதவுக்குப் பின்னால் நின்ற கதையை முழுதாக எடுத்துவிட்டேன். என் பிள்ளை பயந்து ஒளிந்தான் என்று முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரன் ஏன் படிக்கவேண்டும் என்று தோன்றியது. அம்மா மட்டும் கேட்டாள், “அவன் எழுதினத அப்பிடியே அனுப்பினீங்களா?” என்று. “கொஞ்சம் திருத்தினன்” என்றேன்.

புரட்டாதியில் பதில் வந்தது. இவருக்குத் தனிப்பட்ட ஆபத்து இருப்பதாகத் தெரியவில்லை, மறுக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். நீ குசினியில் நின்று இரண்டுதரம் படித்தாய். “நான் சரியா எழுதல்ல அப்பா” என்றாய். நான் அந்தப் பதிலை வாங்கி மடித்துக் கோப்பில் வைத்தேன். அப்போது என் மனதில் ஓடியதையும் சொல்லிவிடுகிறேன். நான் இவ்வளவு பக்குவமாகப் போட்டே சரிவரவில்லை, இவன் எழுதியது போயிருந்தால் இன்னும் கெட்டிருக்கும் என்றுதான் நினைத்தேன். அடுத்த கிழமை நீ படிப்பை மாற்றினாய். கொம்பியூட்டர் நல்ல படிப்பு என்று நானே அம்மாவிடம் சொன்னேன், கொஞ்சம் சந்தோஷமாகவும்கூட.

அடுத்த வருடம் மாசியில், பனி கொட்டிய ஒரு காலை, சல்மா அம்மா தட்டச்சு செய்த மூன்றாம் அத்தியாயத்தையும் தன் கையெழுத்துப் பிரதியையும் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். அதுவரை அவர் எதையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, என்மேல் அவ்வளவு நம்பிக்கை. நான் மெய்யாகவே பாராட்டுக்கு ஆயத்தமாக எழுந்து நின்றேன். அவர் வாசித்தார். “‘அதிகாரி பொய் சொன்னார்’ என்று எழுதியிருக்கிறேன். ‘அதிகாரிக்கு முழு விபரம் கிடைக்காமல் இருந்திருக்கலாம்’ என்று இருக்கிறது. ‘தண்ணீரைத் திருடினார்கள்’ என்று எழுதியிருக்கிறேன். ‘நீர் வேறு திசைக்குத் திருப்பப்பட்டது’ என்று இருக்கிறது.” ஒரு அத்தியாயத்தில் முப்பத்தைந்து இடம், சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தார். இதை யார் சொல்லிச் செய்தீர்கள் என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, எங்கள் கந்தோரில் இப்படித்தான் செய்வோம் என்று சொல்லி, தணிக்கிற வேலையைப்பற்றிப் பெருமையோடு விளக்கத் தொடங்கினேன். பாதியில் என் வாய் தானாக நின்றது. அவருக்கும் அதே நேரம்தான் விளங்கியிருக்கவேண்டும். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். “பன்னிரண்டு வருடமாக இந்த மனிதரைக் கோப்புகளில் தேடுகிறேன். பெயர் இல்லை, முகம் இல்லை. என் வாசலில் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை போய்விடும் என்ற பயமும் வெட்கமுமாக நின்றேன். நாங்கள் அந்தச் சனங்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தோம், மிஸ், என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஏளனம் இல்லாமல், உண்மையாகவே அறிய விரும்பியவராகக் கேட்டார், “அப்படிக் காப்பாற்றிய ஒருவரையாவது சொல்லுங்கள், சகோதரரே.” இருபத்தாறு வருடச் சேவையை நான் நின்ற நிலையில் தேடிப் பார்த்தேன். சிறு மனக்குறை என்று போன மனுவுக்கு யாராவது அவசரமாகக் காணியைத் திருப்பிக் கொடுத்தார்களா? அப்படி ஒருவர்கூட இல்லை. அன்று பின்னேரம் மல்வேர்ன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான், ‘சற்று உடல்நலக் குறைவுடன்’ என்ற என் சொல் ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் தரிப்பிடம் போனதுகூடத் தெரியாமல் நின்று, கடைசிவரை போய்த் திரும்பி வந்தேன்.

இலிகிதன் எந்தத் தாளையும் எறியமாட்டான். உன்னுடைய மூன்று பக்கமும் என் கோப்பில் நாடா கட்டியபடி இருந்தது. மற்ற நாள் அதைச் சல்மா அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, நான் செய்ததையும் சொன்னேன். அவர் இரண்டுதரம் படித்தார். “இதில் ஒரு சொல்லைத் தொட்டாலும் உங்களை வேலையால் நிறுத்துவேன்” என்றார். மாமாவுக்குத் திரும்ப விண்ணப்பம் போட்டு, அதோடு உன் கையெழுத்திட்ட மூலத் தாள்களையே அனுப்பினேன். படிக்க வசதியாகத் தட்டச்சுப் பிரதி ஒன்றும் செய்து வைத்தேன், ஒரு சொல் கூடாமல் குறையாமல். அதைச் செய்ய ஒரு முழு மத்தியானம் பிடித்தது. ‘வெளியே வரவில்லை’ என்ற இடம் வந்ததும் விரல் நின்றுவிட்டது. பதினேழு வயதில் ஒளிந்து நின்றதைப் பிள்ளை தன் கையால் எழுத எவ்வளவு துணிந்திருக்கவேண்டும், அப்பன் நான் அதைச் சீலையால் மூடப் பார்த்தேனே என்று அழுதேன். அழுதேன் என்றே எழுதுகிறேன்.

கார்த்திகையில் மாமா வந்து இறங்கினார். அம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருந்தேன். நீ மட்டும், அஜின்கோர்ட்டில் ஒரு லோயர் புதிதாக எழுதிக் கொடுத்தார் என்று நம்பிக்கொண்டிருந்தாய், ஏனென்றால் நான் அப்படிச் சொல்லியிருந்தேன். விமான நிலையத்தில், நீ காரைக் கொண்டுவரப் போயிருந்தபோது மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். “அத்தான், கொழும்பில கனடாக்காரன்ட மேசையில வச்சிருந்தது நம்மட மருமகன்ட எழுத்து. நான்தானே அவனுக்கு எழுதப் பழக்கினது, எனக்குத் தெரியாதா? அந்த ஒபிசர் படிச்சிட்டு என்ட கையக் காட்டச் சொன்னான். பிறகு ஒண்டும் பெரிசாக் கேக்கல்ல” என்றார். கதவுக்குப் பின்னால் நின்றதைப்பற்றி நானாகக் கேட்டேன். “அவன் வெளிய வந்திருந்தா அவனையும் ஏத்தியிருப்பானுகள். அவன் உள்ள நிண்டதாலதான் எனக்குச் சாட்சி இருந்திச்சு” என்றார். இதை உன்னிடம் சொல்லவேண்டாம், நானே சொல்கிறேன் என்று அவரிடம் வாக்கு வாங்கினேன். ஒரு வருடமாகிறது. ஒவ்வொரு மாதமும் “சொல்லிட்டீங்களா அத்தான்?” என்று கேட்கிறார்.

மாமா வந்தபின் முதல் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் நீ சொன்னது நினைவிருக்கிறதா? மாமாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே, “பாத்தீங்களா, லோயர் எழுதினா அப்பிடித்தான். நான் எழுதினதோட விட்டிருந்தா மாமா இன்னும் அங்கதான்” என்று சிரித்தாய். மாமா என்னைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் கறிச்சட்டியைப் பார்த்தேன். முதல் கடிதத்தை மாற்றியது கை பழகிய பிழை என்று வைத்துக்கொள்வோம். அன்று வாயை மூடிக்கொண்டு இருந்தது அப்படியல்ல. மகன் முன்னால் சின்னவனாகப் போய்விடுவேன் என்ற பயம். உனக்கும் ஒருநாள் பிள்ளைகள் வரும். அவர்கள் முன்னால் பிழையை ஒத்துக்கொள்வதை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதே, தள்ளத் தள்ளச் சொல்வதற்கு வேண்டிய தைரியம் குறைந்துகொண்டே போகிறது.

சல்மா அம்மா என்னை நிறுத்தவில்லை. புத்தகம் முழுவதையும் திரும்பத் தட்டச்சு செய்யவைத்தார், அது வேறு கதை. அதோடு, என்னை எதிரே இருத்தி, பல நாள் மத்தியானங்களில் என் கச்சேரி வேலையைப்பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டார். அந்த ஆற்றோரத்து இலிகிதரை இனித் திட்டமாட்டேன், அவரை விளங்கிக்கொள்ளப் பார்க்கிறேன் என்று ஒரு அத்தியாயம் புதிதாகச் சேர்த்தார். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருந்து, தன் சனத்துக்கு நல்லது செய்வதாக நம்பி, அவர்களுடைய குரலையே எடுத்துவிட்ட ஒரு மனிதன். என்னைப்பற்றிய பகுதியைக் கொஞ்சம் தணிக்கமுடியுமா என்று கேட்டேன். கதவைக் காட்டினார். புத்தகம் இந்த மாதம் வெளிவந்துவிட்டது. பெயர் போடாமல் நான் அதில் இருக்கிறேன், அதில் எழுதியிருப்பதெல்லாம் உண்மை.

இப்போது அவர் அடுத்த வேலையைத் தொடங்குகிறார். ஈராக், பலஸ்தீனம், லெபனான் எங்கும் இருந்து வந்து இந்த நகரத்தில் வாழ்கிற வயதானவர்களிடம் போய், ஆட்சிகள் மாறியபோது அவர்கள் தங்களை யார் என்று சொல்லிக்கொண்டார்கள், இங்கே வந்தபின் யார் என்று சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதவேண்டும். அந்தக் கடிதத்தை எழுதியவன் எனக்கு வேண்டும் என்கிறார். அவனுக்கு அரபி தெரியாதே என்றேன். “அரபி தெரிந்த மாணவி ஒருத்தி இருக்கிறாள், அவனுக்கு நான் படிப்பிப்பேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறவனுக்கு நான் எங்கே போவேன்?” என்றார். இரண்டு வருட வேலை, விட்ட சரித்திரப் படிப்பையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். போன மாதம் இதை உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? “எனக்கு எழுத வராதெண்டு சொல்லுங்க அப்பா. வேற ஆளப் பாக்கச் சொல்லுங்க.” வேலை இன்னதென்று சொன்னேனே தவிர, அவர் ஏன் உன்னைக் கேட்கிறார் என்று சொல்லாமல் விட்டேன்.

அதையும் நான் என்ன செய்தேன் என்று கேள். மற்ற நாள் அவருடைய அறைக்குப் போய், “மகன் ஆழமாக யோசித்துக்கொண்டிருக்கிறான், மிஸ்” என்றேன். அந்தப் புத்தகத்தை இரண்டுதரம் தட்டச்சு செய்த கையோடு போய்ச் சொன்னேன். அவர் நம்பி இடத்தை உனக்காக வைத்துக்கொண்டு இருக்கிறார். நேற்று அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். முறைத்தார், பிறகு, மகனுக்கு எல்லாம் தெரிந்தபின் அவன் சொல்லும் பதில்தான் தனக்கு வேண்டும் என்றார்.

உன்னை ஒஷாவாவுக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சரித்திரம் படித்தால் சோறு கிடைக்குமா என்று பயப்படுகிற அப்பன் இன்னும் எனக்குள் உயிரோடுதான் இருக்கிறான். நீ அந்தக் களஞ்சியத்துக்குப் போனாலும் எனக்குப் பெருமைதான், அம்மா மிளகாய்த்தூளோடு மாதம் இருமுறை வந்து நிற்பாள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ‘எனக்கு எழுத வராது’ என்று இனி நீ யாரிடமும் சொல்லக்கூடாது. மாடியில் ஒரு மனிதர் இடது கையால் சவரம் செய்யப் பழகிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு இருக்கிறாரே, அவரை இங்கே கொண்டுவந்தது லோயர் அல்ல, நான் அல்ல, நீ எழுதிய மூன்று பக்கம்.

இன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்கு மணிவரை சல்மா அம்மா தன் அறையில் இருப்பார். ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை, இரண்டில் எதைச் சொன்னாலும் நீயே நேரில் போய் உன் வாயால் சொல்லு. என்னிடம் மட்டும் சொல்லி அனுப்பாதே.

அப்பா